எட்டு டன் என்று அடித்திருந்த கப்பி

தொப்பூர் கணவாய்ச் சரிவில் பள்ளத்தில் இறங்கிவிடும் லாரிகளை மேலே இழுத்து விடுவதுதான் என் கட்சிக்காரரின் பிழைப்பு. சொந்தமாக ஒரே ஒரு மீட்பு வண்டி. ஓட்டுவதும் அவர்தான், வின்ச்சை இயக்குவதும் அவர்தான். கூட ஒரு உதவியாளர். மழை பெய்த ஓர் இரவில், மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சாலையோரச் சேற்றில் புதைந்து நின்றது. வின்ச் 5 டன்தான் இழுக்கும், அது போதவில்லை. லாரியின் சேஸியில் ஷாக்கிள் போட்டு ஒரு கப்பியை மாட்டினார். வண்டியிலிருந்து போன வயர் ரோப் கப்பியைச் சுற்றித் திரும்பி வந்து வண்டியின் கொக்கியிலேயே மாட்டப்பட்டது. லாரி அசையத் தொடங்கியதும் கப்பி பிளந்தது. தெறித்து வந்த பக்கத் தகடு அவருடைய வலது முழங்காலில் அடித்தது. காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கப்பியின் மேல் ‘8 டன்’ என்று அடித்திருந்தது. வழக்கு முழுவதும் அந்த ஓர் எண்ணைச் சுற்றியே நடந்தது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் குறைபாட்டால் வரும் காயத்துக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குவதற்கென்றே தனி அத்தியாயம் வைத்திருக்கிறது. அதன் 84ஆம் பிரிவின் கீழ் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தேன்: வடிவமைப்பில் குறை, பயன்படுத்தும் முறை பற்றிப் போதிய அறிவுறுத்தல் இல்லை. “வணிக நோக்கத்துக்காக வாங்கியவர், இவர் நுகர்வோரே அல்ல” என்று எதிர்த்தரப்பு முதலில் ஓர் ஆட்சேபணை கிளப்பியது. சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கமே சொல்வதால் அது நிற்கவில்லை.

அடுத்த வாதம் கனமானது. கப்பியைச் சுற்றித் திரும்பும் ரோப்பின் இரண்டு பக்கமும் 5 டன் இழுவிசை இருக்கும். இரண்டும் ஏறக்குறைய இணையாக இருந்தால் கப்பி தாங்குவது 10 டன். இரண்டுக்கும் இடையே 90 பாகைக் கோணம் இருந்தால் இழுவிசையைப் போல் 1.41 மடங்கு; 120 பாகைக்கு விரிந்தால்தான் இழுவிசைக்குச் சமமாகும். அன்றைக்கு ரோப்புகள் கிட்டத்தட்ட இணையாகவே இருந்தன. “8 டன் கப்பியில் 10 டன் ஏற்றியது அவர் தப்பு. இது தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து” என்றார்கள். வெளிப்படையான, பொதுவாகத் தெரிந்த ஆபத்தைப் பற்றி எச்சரிக்காததற்குத் தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்கிறது 87ஆம் பிரிவு. அதைத்தான் கேடயமாகப் பிடித்தார்கள்.

மீட்பு வண்டிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், “கப்பி போட்டால் பாரம் பாதி” என்பார்கள். வின்ச்சுக்கு அது உண்மை. கப்பிக்கு நேர் எதிர்: அதன் மேல் விழுவது இரட்டிப்பு. பொதுவாகத் தெரிந்திருப்பது ஆபத்துக்கு எதிரான பாதிதான். நுகர்வோர் ஆணையத்தின் அனுமதி பெற்று, கப்பியைத் தயாரித்த நிறுவனத்தின் விற்பனை மேலாளரைக் குறுக்கு விசாரணை செய்தேன். “5 டன் வின்ச் வைத்திருப்பவர் வந்து கேட்டால் எந்தக் கப்பியைக் கொடுப்பீர்கள்?” தயக்கமே இல்லாமல் “8 டன்” என்றார். அவருக்கே தெரியாத ஆபத்து, கணவாய் ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றவருக்கு எப்படி வெளிப்படையாகத் தெரியும்?

உடைந்த கப்பியின் துண்டுகளைச் சாக்கில் கட்டிப் பத்திரமாக வைத்திருந்த உதவியாளருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். அவற்றை ஆணையம் அரசுப் பொறியியல் கல்லூரிக்குச் சோதனைக்கு அனுப்பியது. அறிக்கையோடு திரும்பி வந்தபோது ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். தகட்டில் வட்டமாக இருக்க வேண்டிய பின் துளை முட்டை வடிவத்துக்கு இழுபட்டு, ஓரத்தில் கிழிந்திருந்தது. துளைக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவே விரல் அகல இரும்புகூட விடவில்லை. பின் சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பி. கிரீஸ் அடிக்க நிப்பிள் இல்லை. புஷ் இறுகிச் சக்கரம் சுற்றாமல் நின்றதால் ரோப் அதன் பள்ளத்தை அறுத்திருந்தது.

அதே மாதிரியில் புதிய கப்பி ஒன்றையும் இழுத்துப் பார்த்தார்கள். 11 டன்னில் துளை கிழிந்தது. பாரம் தூக்கும் சாதனங்களில், எழுதியிருக்கும் வேலைப் பாரத்தைப் போல் நான்கு மடங்காவது தாங்கிய பிறகே உடைய வேண்டும் என்று வைத்து வடிவமைப்பது பரவலான வழக்கம். அப்படிச் செய்திருந்தால் 8 டன் கப்பி 32 டன் வரை தாங்கும். அன்றைய 10 டன்னில் யாருக்கும் கால் போயிருக்காது. இறுதி வாதத்தில் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். சேற்றிலும் இருட்டிலும் கணக்கு பிசகுவது மனித இயல்பு. அந்தப் பிசகைத் தாங்கிக்கொள்ளத்தான் பாதுகாப்பு மடங்கு இருக்கிறது. துளையைச் சுற்றித் தாராளமாகத் தகடு, இ.என். 19 போன்ற உலோகக் கலவையில் பின், கிரீஸ் போக வழி, ரோப்பின் தடிமனுக்கு ஏற்ற பெரிய சக்கரம்: இவற்றில் எதுவும் ஒரு பட்டறைக்கு எட்டாத வித்தை இல்லை.

அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பாரம் தூக்கும் சங்கிலி, ரோப், கொக்கி எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் பரிசோதிக்க வேண்டும் என்றது. ஆலைக்கு உள்ளே இருக்கும் கொக்கிக்கு உள்ள அந்தக் காவல் நெடுஞ்சாலை ஓரத்தில் வேலை செய்யும் கப்பிக்கு இல்லை. இது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

இரண்டு குற்றச்சாட்டுகளும் நிரூபிக்கப்பட்டதாக ஆணையம் தீர்ப்பளித்தது. ரோப்பின் நேர்க்கோட்டில் நின்றதற்காக என் கட்சிக்காரரின் இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கழித்தது. அதையும் நியாயம் என்றே ஏற்றோம்.

மீட்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கப்பி வாங்கும்போது அதில் அடித்திருக்கும் எண் ரோப்பின் இழுவிசையா, கப்பி தாங்கும் மொத்தப் பாரமா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 5 டன் வின்ச்சுக்கு, 10 டன்னுக்குக் குறையாத வேலைப் பாரம் எழுதிய கப்பியைக் கேளுங்கள். சோதனைச் சான்றிதழ் தராத கடையில் வாங்காதீர்கள். பின் துளை வட்டம் மாறிய கப்பியை அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள்.