எழுபது கிராம் விமானம்

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இரண்டாம் பந்தி முடிந்ததும் பெரியப்பா ஏரோப்ளேன் கதையை எடுத்துவிடுவார். "ஹிட்லரை அடிச்ச ப்ளேன்ல எங்க அய்யா காசும் இருக்கு. யுத்த நிதிக்கு அள்ளிக் கொடுத்தவரு அவரு!" அத்தாட்சி கேட்டால் தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறப்பார். மூடியின் உட்புறம் ஒரு மூலையில் தீப்பெட்டி லேபிள் ஒன்று ஒட்டியிருக்கும். சிவப்புப் பின்னணி, மஞ்சள் விமானம்.

எனக்கு உறுத்தியது 'அள்ளி' என்ற சொல்தான். சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில், வானம் பார்த்த கரிசலில் நாலு ஏக்கர் வைத்திருந்தவர் எதை அள்ளியிருப்பார்?

மதுரையில் நண்பர் ஒருவர் இருக்கிறார். பழைய போர் விமானம் என்றால் சோறு தண்ணி மறந்துவிடுவார். காயலான் கடையில் வாங்கிய உயரமானி ஒன்றைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர். கதையைக் கேட்டதும் சிரிக்கவில்லை. "பொய் சொல்ல முடியாது. சென்னை மாகாணத்துக் காசு நிஜமாகவே பறந்திருக்கு" என்றார். பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்குமே 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்ற பெயர் உண்டு. நிதி கொடுத்ததற்கு நன்றியாக வைத்த பெயர். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு அன்று குறித்திருந்த விலை 5,000 பவுண்டு. ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங் என்ற அன்றைய மாற்று விகிதத்தில் 66,667 ரூபாய்.

அடுத்த இரண்டு மாதம் நானும் அந்தப் பைத்தியத்தில் விழுந்தேன். 264 ஓட்டியது டிஃபையன்ட். முன்பக்கம் சுடத் துப்பாக்கியே கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நாலு துப்பாக்கி. 1940 மே மாதம் டன்கர்க் வானத்தில் ஜெர்மானியர்கள் அதை ஹரிக்கேன் என்று நினைத்துப் பின்னாலிருந்து வந்து மாட்டிக்கொண்டார்கள். 79 இன்னும் நெருக்கம். 1942இல் இந்தியாவுக்கே வந்து, பர்மா முனையில் முதலில் ஹரிக்கேனும் பிறகு தண்டர்போல்ட்டும் ஓட்டியது. தாத்தாவின் காசு இதில்தான் போயிருக்கும் என்று எந்த ஆதாரமும் இல்லாமல் முடிவுகட்டிக்கொண்டேன்.

லேபிளைப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. "இது ரெட்டை றெக்கை. ஸ்பிட்ஃபயருக்கு ஒற்றை றெக்கை, நுனி முட்டை மாதிரி வளைஞ்சிருக்கும். ஹரிக்கேனும் ஒற்றைதான். மேலும் கீழுமா இருக்கிற றெக்கைக்கு நடுவுல எத்தனை கம்பின்னு எண்ணிச் சொல்லு. ரகத்தைக் கண்டுபிடிச்சிரலாம்." லென்ஸ் வைத்து எண்ணினேன். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு. விமானிக்கு முறுக்கு மீசை. "அப்படி ஒரு விமானம் உலகத்துலயே கிடையாது" என்று போனை வைத்துவிட்டார்.

மிச்சமிருந்த ஒரே சாட்சி தாத்தாவின் தம்பி. அச்சங்குளத்தின் பெயரை நாடு அறிந்தது 2021 பிப்ரவரி வெடிவிபத்தில். நான் போனது அதற்கு நாலு வருடம் முன்பு. சின்னத்தாத்தாவுக்கு அப்போது தொண்ணூறு. திண்ணையில் உட்கார்ந்து காதுக்குக் கையை வைத்துக் கேட்டார்.

"ஹரிக்கேனா? அரிக்கேன் வெளக்குதான நம்ம வீட்டுல இருந்துச்சு. சண்டைக் காலத்துல அதுக்கே மண்ணெண்ணெ கெடைக்கலை."

விளக்கு இல்லை, விமானம் என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. போனில் லேபிளைக் காட்டினேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதை ஒட்டுனது நாந்தேன். பொட்டி துருப்பிடிச்சு ஓட்டை. கரப்பான் உள்ள போகுதுன்னு ஆத்தா வைஞ்சா. தீப்பெட்டி ஆபீசுல ரெண்டு லேபிள் எடுத்தாந்தேன். மயிலைத் தங்கச்சி புடுங்கிக்கிட்டா. மிஞ்சினது இது."

எழுபது வருடக் குடும்பப் பெருமை கரப்பான் பூச்சிக்குப் போட்ட ஒட்டு! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுந்து கிளம்பியிருப்பேன். செருப்பைத் தேடும்போது சும்மா ஒரு வார்த்தை கேட்டேன்: "எப்படியோ, தாத்தா யுத்த நிதிக்குக் கொடுத்தது நிஜந்தானே?"

"குடுத்தாரா? யாரு சொன்னது? வாங்கிட்டுல்ல போனாக!"

தாத்தா தீர்வை கட்டப் போயிருக்கிறார். இதையும் சேர்த்து வை என்று இரண்டு ரூபாயைக் கூடுதலாக வாங்கிக்கொண்டார்களாம். "வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு யாருகூடவும் பேசலை. அந்த ரூவாய்க்குக் கம்பு வாங்கியிருந்தா வீடே கஞ்சி குடிச்சிருக்கும்."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே, தாத்தா?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குடுக்காதீகன்னு ஊர் ஊராச் சொன்ன விருதுபட்டிக்காரரையே புடிச்சு உள்ள வச்சிட்டாக. நாங்க எம்மாத்திரம்?"

விருதுபட்டி என்பது விருதுநகரின் பழைய பெயர். அந்த விருதுபட்டிக்காரர் யாரென்று சொல்லத் தேவையில்லை. 1940 டிசம்பரில் வார்தாவுக்குப் போகும் வழியில் குண்டூரில் காமராஜரைக் கைது செய்தது, வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தது, 1941 நவம்பரில் வெளியே வந்தவர் அந்தப் பதவியை உதறியது எல்லாம் படித்த கதைதான். எதற்காகப் பிடித்தார்கள் என்ற வரியில் மட்டும் நான் நின்றதே இல்லை. கவர்னர் ஆர்தர் ஹோப் யுத்த நிதி திரட்டிக்கொண்டிருந்தபோது, கொடுக்காதீர்கள் என்று மாகாணம் முழுக்கச் சுற்றிப் பேசியதற்காகத்தான். எந்த நிதியில் எங்கள் விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தேனோ, அதே நிதி. இரண்டு மாதம் வால் நம்பர் தேடியவன், அந்தக் காசு எப்படி வந்தது என்று ஒருநாளும் தேடவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. "அப்புறம் ஏன் தாத்தா அதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டாரு?"

"பறிகொடுத்தேன்னா ஊரு சிரிக்கும். குடுத்தேன்னா கும்பிடும். சண்டையிலயும் செயிச்சிட்டாகல்ல, சொல்லிக்கிட வேண்டியதுதான்" என்றார் சின்னத்தாத்தா. அதில் கேலி இல்லை. அண்ணனை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

திரும்பும் வழியில் மதுரையில் இறங்கி நண்பரிடம் சொன்னேன். கைதும் சிறையும் அவர் காதில் ஏறவில்லை. 'இரண்டு ரூபாய்' என்றதும் கால்குலேட்டரை எடுத்துவிட்டார். "வெறும் ஸ்பிட்ஃபயர் ஏறக்குறைய 2,300 கிலோ. அறுபத்தாறாயிரத்துச் சொச்சத்துல ரெண்டு ரூபாய்ன்னா எழுபது கிராம். நாலஞ்சு போல்ட்டு. மோசமில்லை."

போன தையில் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். கை கழுவும் இடத்தில் அவரை ஓரங்கட்டி எல்லாவற்றையும் சொன்னேன்: கரப்பான், தீர்வை, இரண்டு நாள் மௌனம், விருதுபட்டிக்காரர், எழுபது கிராம். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முகம் கொஞ்சம் வாடியது போலிருந்தது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன்.

இரண்டாம் பந்தி முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஹிட்லரை அடிச்ச ப்ளேன் இருக்கே, அதுல எழுபது கிராம் எங்க அய்யாவோடது. சும்மா சொல்லலை. கணக்குப் போட்டுப் பாத்தாச்சு."