கரிச்சான் பறந்துடும், பாறைப்பாசி?

சந்தவாசல்ல எங்க மல்லாட்டைக் கொல்லை ஓரமா ஒரு வீடு அகலத்துக்குப் பாறை கிடக்குது. (வேர்க்கடலையைத்தான் நாங்க மல்லாட்டைன்னு சொல்லுவோம்.) அஸ்திவாரக் கல்லுக்கும் ஜல்லிக்கும் உடைக்கணும்னு ஒருத்தர் விலை கேட்டுட்டுப் போயிருக்காரு. கொடுத்துடலாம்னு வீட்டுல பேச்சு. கிணத்து மோட்டார் மாத்தணும், பணம் தேவைதான்.

பாறை மேல சாம்பலும் பச்சையுமா வட்டம் வட்டமா ஒட்டிக்கிட்டு இருக்கே, அதைப் பள்ளிக்கூடப் புத்தகத்துல லைக்கன்னு போட்டிருப்பாங்க. நீங்க பிரியாணியில போடற கல்பாசியும் அந்த வகையறாதான். பேருதான் கல்பாசி, பெரும்பாலும் மரப்பட்டையிலதான் எடுக்கறாங்க. இது தனி ஒரு செடி இல்லைங்க. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தற கூட்டுக்குடித்தனம். பூஞ்சை வீடு கட்டி ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், பாசி வெயிலை வெச்சு சமைச்சுப் போடும். சித்திரை வெயில்ல சருகாக் கிடக்கும். ஒரு மழை விழுந்தா கொஞ்ச நேரத்துல பச்சை கட்டிடும்.

பாறையை ஒட்டி ஒரு புங்கமரம். அதன் உச்சியில விடியக்காலம் குண்டுகரிச்சான் பாடும். கறுப்பு வெள்ளைக் குருவி, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும். பங்களாதேஷுக்கு இதுதான் தேசியப் பறவை. பங்குனியிலேர்ந்து ஆடி வரைக்கும் பாட்டுன்னா அப்படி ஒரு பாட்டு. மரப்பொந்துல முட்டை வெச்சா பன்னெண்டு பதிமூணு நாள்ல குஞ்சு, இன்னும் ரெண்டு வாரத்துல அதுவும் பறந்துடும். ஒரே மாசம், கீரை வெள்ளாமை மாதிரி.

கல்லோட கல்லா ஒட்டிக் கிடக்கற லைக்கன் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் பரவினாலே அதிகம். ஒரு வட்டத்தை நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும் அளந்து பார்த்தேன், அஞ்சு சென்டிமீட்டர். அப்ப அதுக்கு அம்பது வயசாவது இருக்கணும், என் செட்டு. ஆஸ்திரியாக்காரர் ரோலண்ட் பெஷல் 1950 வாக்குல இந்த வட்டங்களை அளந்தே பாறை எப்ப வெளிய வந்துச்சுன்னு கணக்குப் போட்டிருக்காரு.

2005ல ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ரெண்டு வகை லைக்கனை மேல அனுப்பி, காத்தே இல்லாத வெட்டவெளியில ரெண்டு வாரம் போல வெச்சிருந்து இறக்குச்சு. உயிரோடதான் வந்துச்சு. ஆனா கம்ப்ரசர்ல ஓட்டை போட்டு வெடி வெச்சா அதுவும் என்ன பண்ணும்? கரிச்சான் எழும்பிப் போய் அடுத்த வருஷம் வேற பொந்துல குடித்தனம் பண்ணும். சிட்டுக்குருவிக்குக்கூட மார்ச் 20ன்னு ஒரு நாள் வெச்சிருக்கோம். இந்த வட்டத்துக்கு எங்க ஊர்ல உருப்படியா ஒரு பேருகூட இல்லை.

விலை கேட்டவர் வெள்ளிக்கிழமை திரும்ப வர்றாரு. மல்லாட்டை வித்து மோட்டாரைப் பார்த்துக்கலாம்னு வீட்டுல சொல்லியிருக்கேன். இன்னும் பதில் வரலை.