பழுது இல்லை

கேமரா வாங்குகிற வயதா இது என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். 2022 தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால், 38,500 ரூபாய் கொடுத்து ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமராவும், அதற்கு மேல் தனியாகப் பணம் கொடுத்து, முகங்களை எடுப்பதற்கென்றே 50 எம்.எம். லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். காரணம் என் அக்கா.

கல்யாணமாகி மாமாவோடு பிரான்சுக்குப் போனவள், பிள்ளை குட்டிகளோடு அங்கேயே தங்கிவிட்டாள். கொரோனாவுக்குப் பிறகு முதல் தடவையாகப் புதுச்சேரிக்கு வருகிறாள். வயது 81. இன்னொரு முறை வருவாளா என்பது அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வீட்டில் அவள் படம் என்று இருப்பது கல்யாணப் படம் ஒன்று. அது போக, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய ஆக்ஃபா கிளிக் கேமராவில், சுருளுக்குப் பன்னிரண்டு என்று எண்ணி எண்ணி எடுத்த சில கறுப்பு வெள்ளைப் படங்கள். இந்தத் தடவை எண்ணாமல் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

நவம்பர் 5 அன்று வந்தாள். பத்து நாளில் இருநூற்று அறுபது படம் எடுத்தேன். திண்ணையில் பழைய சிநேகிதியோடு உட்கார்ந்து பேசியது, பெரிய மார்க்கெட்டில் வஞ்சிர மீனுக்குப் பேரம் பேசியது, கடற்கரையில் காந்தி சிலை அருகே சுண்டல் தின்றது. கேமராவின் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் எல்லாமே அழகாகத் தெரிந்தன.

15ஆம் தேதி மாலை அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டு எல்லோருமாகப் பார்த்தோம். நாலைந்து படம் ஓடியதும் அக்கா, "என்னடா தம்பி, எல்லாம் ஃப்ளூவா இருக்கு?" என்றாள். பிரெஞ்சில் மங்கலான படத்தை அப்படிச் சொல்வது வழக்கம். என் மனைவி, "எங்க அண்ணி புளூ? எல்லாக் கலரும் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்க, வீடே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தூரத்தில் எடுத்த மார்க்கெட்டும் கடலும் பளிச்சென்று இருந்தன. கிட்டத்தில் எடுத்த முகங்களில் காது தெளிவாக இருந்தது, கொண்டை தெளிவாக இருந்தது, கண்கள் மட்டும் பனி மூடியது போல இருந்தன.

முதலில் நான் சந்தேகப்பட்டது என்னைத்தான். அந்த வருடம்தான் வலது கண்ணில் புரை அறுவை செய்திருந்தேன். "உங்க கை நடுங்குதுங்க" என்றாள் மனைவி. இருக்கும் என்றே நானும் நினைத்தேன். எழுபது தாண்டினால் எது தப்பானாலும் முதல் குற்றவாளி நாம்தான் என்று ஏனோ நாமே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

மறுநாள் முத்தியால்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் கொண்டு போனேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேமராவை ஸ்டாண்டில் வைத்தார். மேசை மேல் மூன்று பேட்டரி செல்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சாய்வாக நிறுத்தி, நடுச் செல்லுக்கு ஃபோகஸ் வைத்து ஐந்து படம் எடுத்தார். ஐந்திலும் பின்னால் இருந்த செல்தான் தெளிவாக விழுந்தது. பிறகு கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தை விட்டுவிட்டு, பின்திரையைப் பார்த்து ஐந்து படம் எடுத்தார். இப்போது ஐந்திலும் நடுச் செல் தெளிவு.

"உங்க கை மேல தப்பு இல்லீங்க ஐயா" என்றார். இந்த வகைக் கேமராவில், துவாரம் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸ் பார்ப்பது தனியான ஒரு உணரி. படம் பதிவாவது வேறொரு உணரியில். இரண்டுக்கும் உள்ள கணக்கு மயிரிழை பிசகினால், ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழும். சாதாரண லென்ஸில், அதுவும் தூரக் காட்சியில், இந்தப் பிசகு கண்ணில் படாது. 50 எம்.எம். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்துக் கிட்டத்தில் முகத்தை எடுக்கும்போது நான்கு விரற்கடை தள்ளி விழுந்தாலே போதும், கண் போய்க் காது வந்துவிடும். விலை கூடிய கேமராக்களில் இதைத் திருத்திக்கொள்ள உள்ளேயே வழி உண்டாம். என்னுடையதில் இல்லை.

கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "நாங்க விக்கிறதோட சரி சார், இனிமே கம்பெனி சர்வீஸ்தான்." 17ஆம் தேதி சர்வீஸ் பெறும் இடத்துக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்த பெண் படபடவென்று தட்டி ஒரு ஜாப் ஷீட்டை நீட்டி, கையெழுத்து கேட்டார். நான் வாழ்நாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. 'வெளிப்புறம்: கீறல்கள் உண்டு' என்று இருந்தது. "எங்கம்மா கீறல்?" என்று கேட்டேன். "அது எல்லாருக்கும் வர்றதுங்க சார், கம்ப்யூட்டர்லயே இருக்கு" என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் அதை அடித்து, 'நல்ல நிலை, கீறலோ அடியோ இல்லை' என்று கையால் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்.

கேமரா சென்னைக்குப் போய் டிசம்பர் 1 அன்று திரும்பி வந்தது. அறிக்கையில் இரண்டே சொல்: 'பழுது இல்லை.' உடன் ஒரு சாதாரண லென்ஸைத்தான் அனுப்பியிருந்தேன், அது என் தவறு. அவர்களும் அதைப் போட்டு, தூரத்தில் எதையோ எடுத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் பின்திரையைப் பார்த்து அக்காவைச் சில படம் எடுத்தேன். கண் இமை ஒவ்வொன்றும் தெரிகிறது. ஆனால் பெட்டி கட்டுகிற கவலையில், பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கிறாள். டிசம்பர் 3 அன்று விமானம் ஏறிவிட்டாள்.

ஐந்து நாள் கழித்து 50 எம்.எம். லென்ஸையும், பேட்டரி செல் படங்களின் பிரதிகளையும் சேர்த்து மறுபடி கொடுத்தேன். இந்த முறையும் 'நல்ல நிலை' என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். 23ஆம் தேதி பதில் வந்தது. கேமரா கீழே விழுந்திருக்கிறதாம். ஆகவே வாரண்டி செல்லாதாம். சரி செய்ய 7,400 ரூபாய்.

பணம் பெரிதில்லை. கீழே போட்டுவிட்டு இல்லை என்று சாதிக்கிற ஆளாக என்னை எழுதிவிட்டார்களே என்பதுதான் வலித்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. வந்தது ஒரு பழைய ஞாபகம்.

நான் குமாஸ்தாவாக இருந்தபோது, முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு பாட்டி வருவார். வயதுக்கு அத்தாட்சி இல்லை. 'ஆவணம் போதாது' என்று எழுதி மூன்று தடவை மனுவைத் திருப்பியிருக்கிறேன். என்ன ஆவணம் இருந்தால் போதும், அதை எங்கே போய் வாங்கலாம் என்று ஒரு தடவைகூட நான் எழுதவில்லை. விதிப்படி நான் செய்தது சரி. அந்தம்மா நாலாவது தடவை வரவில்லை. 'பழுது இல்லை' என்ற இரண்டு சொல்லைப் படித்தபோது, அதை எழுதியவரின் கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து போலவே இருந்தது.

26ஆம் தேதி ஒரே பக்கத்தில் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். கோபமாக ஒரு வார்த்தை கிடையாது. தேதிவாரியாக நடந்தது, பழுது எப்போது வருகிறது, எப்போது வரவில்லை, எனக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான். இணைப்பு: பில், முத்திரையிட்ட இரண்டு ஜாப் ஷீட்டுகள், படங்கள். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பில்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைகளில் இப்போது தரும் வழவழப்பான பில்லில் எழுத்து நாளடைவில் மங்கி மறைந்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைக்கிற பழைய ஆபீஸ் பழக்கம் என்னைக் காப்பாற்றியது.

இரண்டு வாரம் பதில் இல்லை. ஜனவரி 9 அன்று 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். புகாரைப் பதிந்து ஒரு எண் கொடுத்தார்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அதற்கு அவசியம் வரவில்லை. 20ஆம் தேதி கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். "ஜாப் ஷீட்ல அடி இல்லைன்னு எங்க முத்திரையே இருக்குது சார். மன்னிச்சுக்குங்க" என்றார். பிப்ரவரி முதல் வாரம், ஃபோகஸ் உணரியைத் திருத்திய கேமரா பைசா செலவில்லாமல் வந்து சேர்ந்தது. ஸ்டுடியோத் தம்பி மறுபடி மூன்று செல்லை நிறுத்திப் பார்த்தார். நடுச் செல் தெளிவு.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் 'கரான்தி' என்று ஒரு சொல் படித்தோம். வாரண்டியும் கரான்தியும் ஒரே வேரில் பிறந்தவை. கேமராவுக்கு ஒரு வருட கரான்தி இருந்தது, அதைச் சண்டை போட்டு வாங்கியும் விட்டேன். ஆனால் அக்கா இருந்த அந்த முதல் பத்து நாளுக்கு எந்தக் கம்பெனி கரான்தி தரும்? அதற்குப் பிறகு அவள் வரவில்லை. முட்டி வலி, நீண்ட பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம்.

ஆகவே புதிதாக எது வாங்கினாலும், தேவைப்படும் நாளுக்கு முன்பே, கடையில் பார்த்தது போதும் என்று விடாமல், எந்த வேலைக்காக வாங்கினீர்களோ அந்த வேலையையே வைத்துச் சோதித்துப் பாருங்கள். நான் தீபாவளிக்கும் அக்கா வந்த நாளுக்கும் இடையில் அதைச் செய்திருக்கலாம்.

இருநூற்று அறுபது படத்தையும் அழிக்க மனமில்லாமல் ஒரு நாள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் எடுத்த ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. கண், புருவம், மூக்குத்தி எல்லாம் அப்படியே. எப்படி என்று முதலில் புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. சிநேகிதி ஏதோ சொல்ல, நான் பொத்தானை அழுத்துகிற நொடியில் அக்கா சிரித்துக்கொண்டே பின்னால் சாய்ந்தாள். சரியாக நான்கு விரற்கடை.

அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.