மூன்று இலட்சம் அட்டைகளும் ஒரு தொழிலாளியும்

நியூயார்க் மாநகரின் ஐந்தாம் அவென்யூவில், சென்ட்ரல் பார்க் எனும் பெருஞ்சோலையின் கிழக்கு விளிம்பை ஒட்டி நிற்கிறது மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம். சுரங்க ரயிலில் வருவோர் 86ஆம் தெரு நிலையத்தில் இறங்கி மேற்கு நோக்கிச் சற்று நடந்தால் போதும். மகன் வீட்டிற்கோ மகள் வீட்டிற்கோ அமெரிக்கா சென்று வரும் நம்மவர்கள் பலரும் இங்கு நுழைந்ததும் இஸ்லாமியக் கலைக்கூடங்களையே தேடி விரைவர். அரபு நாடுகள், துருக்கி, ஈரான், மத்திய ஆசியா, தென்னாசியா ஆகியவற்றின் கலைப்பொருட்களுக்கென 15 கூடங்கள் 2011இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டுள்ளன. 1707ஆம் ஆண்டைச் சேர்ந்த டமாஸ்கஸ் மாளிகை ஒன்றின் வரவேற்பறை, சுவரும் விதானமுமாக அப்படியே அங்கே அமைக்கப்பட்டிருக்கிறது. அதைக் காணாது திரும்புவது தகாது.

ஆயினும் அதே கூரையின் கீழ், கிரேக்கச் சிலைகளும் எகிப்தியக் கல்லறைப் பொருட்களும் நிறைந்த அந்தக் களஞ்சியத்தில், சிகரெட் பெட்டிக்குள்ளும் மிட்டாய் உறைக்குள்ளும் இலவசமாக வந்த அட்டைகள் 3 இலட்சத்துக்கு மேல் பாதுகாக்கப்படுவதைப் பலர் அறியார். சேர்த்தவர் செல்வந்தர் அல்லர். மின்கருவித் தொழிற்சாலை ஒன்றில் உதிரி பாகங்களை இணைத்துக் கூலி பெற்ற தொழிலாளி. ஜெஃபர்சன் பர்டிக் என்பது அவர் பெயர்.

அட்டைகள் பிறந்த கதை எளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க சிகரெட் உறைகள் மெல்லிய தாளால் ஆனவை, எளிதில் நசுங்கும். உறை விறைப்பாக நிற்க உள்ளே ஓர் அட்டைத் துண்டைச் செருகினார்கள். வெற்று அட்டையாக ஏன் இருக்க வேண்டும் என்று அதில் படம் அச்சிட்டார்கள். நடிகையர், பறவைகள், நாட்டுக் கொடிகள், படைத்தலைவர்கள், பேஸ்பால் விளையாட்டு வீரர்கள் என வரிசை வரிசையாகப் படங்கள் வந்தன. வரிசையை நிறைவு செய்ய விரும்பியவர் அதே சிகரெட்டை மீண்டும் வாங்கினார். வாணிப உத்தி என்றால் இதுவன்றோ! புகைக்காத சிறுவர்களும் பெரியவர்களிடம் அட்டையைக் கேட்டு வாங்கித் தமக்குள் மாற்றிக்கொண்டார்கள்.

1900இல் பிறந்த பர்டிக், நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் உள்ள சிரக்யூஸ் நகரில் வாழ்ந்தவர். மணம் முடிக்காதவர். மூட்டுவாதம் அவர் கைகால்களை மெல்ல மெல்ல முடக்கி வந்தது. அந்த விரல்களைக் கொண்டே அவர் அட்டைகளைத் திரட்டினார். அவருக்கு பேஸ்பால் விளையாட்டில் தனிப்பற்று எதுவும் இல்லை. வாழ்த்து அட்டை, அஞ்சல் அட்டை, விளம்பர அட்டை எல்லாமே அவருக்கு ஒன்றுதான். எளிய மக்களின் கைகளில் புழங்கிய அச்சுப்படங்கள் அழிந்துவிடலாகாது என்பதே அவர் கவலை.

அவர் வெளியிட்ட ‘அமெரிக்கன் கார்டு கேட்டலாக்’ என்னும் பட்டியல், அதுவரை ஒழுங்கற்றுக் கிடந்த இத்துறைக்கு முறை வகுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகையிலை அட்டைகளுக்கு ஓர் ஆங்கில எழுத்து, இருபதாம் நூற்றாண்டினவற்றுக்கு வேறோர் எழுத்து, மிட்டாய் அட்டைக்கு மற்றொன்று என்று பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் எண்ணும் விலையும் இட்டார். இன்று கோடிகள் புரளும் ஏலங்களில் ‘டி-206’ என்று சொல்கிறார்களே, அந்தக் குறியீடு இந்தத் தொழிலாளி இட்டதுதான்.

அந்த டி-206 வரிசை 1909 முதல் 1911 வரை சிகரெட்டோடு வெளிவந்தது. அதில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை மட்டும் விரைவிலேயே நிறுத்தப்பட்டது. தம் படத்தைக் காட்டிச் சிறுவர்களிடம் புகையிலையைக் கொண்டுசேர்ப்பதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். படத்துக்கு உரிய பணம் தரப்படாததே காரணம் என்பர் வேறு சிலர். அவரே புகையிலை மெல்லும் பழக்கம் உடையவர் என்பதால் வாதம் ஓய்வதில்லை. காரணம் எதுவாயினும் எஞ்சியவை சில பத்துகளே. பர்டிக் தம் பட்டியலில் அதற்குக் குறித்த விலை 50 டாலர். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் அத்தகைய அட்டை ஒன்று 72.5 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. அதே மாதம், 1952இல் வெளிவந்த மிக்கி மேண்டில் அட்டை ஒன்று 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அந்த 1952 வரிசையில் விற்காது தேங்கியவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அதை வெளியிட்ட டாப்ஸ் நிறுவனத்தின் அலுவலரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

விலையை முடிவு செய்வது அருமை மட்டுமன்று. நான்கு மூலைகள் மழுங்காதிருத்தல், விளிம்பு பிசிறற்றிருத்தல், படம் நடுவில் அமைந்திருத்தல், மேற்பரப்பில் கீறலின்மை ஆகியவற்றை நோக்கி, 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் உள்ளன. ஒரு மதிப்பெண் கூடினால் விலை பன்மடங்காகும். ஆசை அங்கேதான் நுழைகிறது. மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றுப் புகழடைந்த ஒரு வாக்னர் அட்டை, 2007இல் 28 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதன் விளிம்புகளைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக, முன்பு அதனை வைத்திருந்த ஏல வணிகர் 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சரக்கின் குறையை மறைத்து விற்பது எத்தகைய செயல் என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் இன்று வாங்கும் அட்டை உறைகளைப் பற்றியும் ஒரு சொல்: உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமலே, அரிய அட்டை கிட்டும் எனும் நப்பாசையில் உறைமேல் உறையாக வாங்குவது சூதாட்டத்தின் வாசற்படி அல்லாமல் வேறென்ன?

பர்டிக் தம் தொகுப்பை விற்கவில்லை. 1947 முதல் அதை மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு வழங்கத் தொடங்கினார். அச்சுப்பட நூலகத்தின் தலைவராயிருந்த ஹயாட் மேயர் அதை ஏற்றார். ஆனால் ஒழுங்குபடுத்தும் பணி கொடுத்தவருடையதாயிற்று. சிரக்யூஸிலிருந்து வந்து வந்து ஒட்டினார் பர்டிக். 1959இல் வேலையை விட்டு மன்ஹாட்டனுக்கே குடிபெயர்ந்தார். நூலகத்தின் ஒரு மூலையில் அவருக்கென ஒரு மேசை. வலியால் வளைந்த விரல்களால் ஒவ்வோர் அட்டையாகப் பசையிட்டுப் பெரிய தொகுப்பேடுகளில் பதித்தார். பணி முந்துமா, மரணம் முந்துமா என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாது. 1963 ஜனவரி 10ஆம் நாள் கடைசி ஏடு முடிந்தது. மேலங்கியை அணிந்துகொண்டு, இனி வரப்போவதில்லை என்று சொல்லி வெளியேறினார். இரண்டே மாதங்களில் காலமானார்.

அட்டையைப் பசையிட்டு ஒட்டினால் சந்தை மதிப்பு சரிந்துவிடும் என்று இன்றைய வணிகர் பதறுவார். பர்டிக்குக்கு அந்தப் பதற்றமே இல்லை. பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30,000க்கு மேல் அவ்வேடுகளில் உள்ளன. ஒளி பட்டால் வண்ணம் மங்கும் என்பதால் சிற்சிலவற்றையே முறைவைத்துக் காட்சிப்படுத்துகிறார்கள். 50 டாலர் என்று அவர் விலை குறித்த வாக்னரும், விலை பேச எவருமற்ற பறவைப் படங்களும், ஒரே பசையில் ஒட்டப்பட்டு அந்த ஏடுகளுக்குள் இருக்கின்றன.