முட்டுகிற மாடும் மூன்று டன் வண்டியும்



தொழிலிடங்களில் விபத்துகளைத் தடுப்பதற்கான தேசிய பாதுகாப்பு கவுன்சில் 1966-ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று நம் நாட்டில் நிறுவப்பட்டது. அதன் நினைவாக ஆண்டுதோறும் இந்த வாரம் பாதுகாப்பு வாரமாக அனுசரிக்கப்படுகிறது. இந்த வாரத்திலாவது, நெடுநாளாக என் மனதில் பாரமாயிருக்கும் ஒன்றை உங்களிடம் அறிக்கையிட விரும்புகிறேன்.

முன்பு நான் ஊழியம் செய்த சபையில், ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சகோதரர் ஒருவர் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார். "ஐயா, பிரேக்கை மிதித்தால் அடிவரை இறங்குகிறது. ஹாரனும் அடிக்கவில்லை. மூன்று முறை சொல்லிவிட்டேன். இந்த லோடெல்லாம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். ஓட்டமாட்டேன் என்றால் வேலை போய்விடும்" என்றார். நான் அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்தேன். "கர்த்தர் காப்பார், விசுவாசமாயிருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கிடங்கின் மேலாளரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது. நான் அழைக்கவில்லை.

பத்து நாள் கழிந்தது. அடுக்குகளுக்கு நடுவே உள்ள பாதையின் முனையில் அந்த வண்டி திரும்பியது. மறுபுறம் சுமை இறக்கிக்கொண்டிருந்த இளைஞனை எச்சரிக்க ஹாரன் இல்லை. வண்டியை நிறுத்தப் பிரேக்கும் இல்லை. அவனுடைய வலது பாதம் சக்கரத்தின் கீழ் நசுங்கியது. மருத்துவமனையில் அவனைப் பெற்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை.

அதன்பின்தான் அந்த இயந்திரத்தைப் பற்றிக் கேட்டு அறிந்துகொண்டேன். மூன்று டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே ஏறக்குறைய நான்கு டன். பின்னால் உள்ள அந்த எடைதான் முன்னால் தூக்கும் சுமைக்கு ஈடு கொடுக்கிறது. காரைப் போல முன்சக்கரங்கள் திரும்புவதில்லை, பின்சக்கரங்களே திரும்புகின்றன. ஆகவே வண்டி வளையும்போது அதன் பின்புறம் பக்கவாட்டில் வீசி வரும். அருகில் நிற்பவர் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார். சுமையை உயர்த்தியபடியே ஓட்டினாலோ, உயர்த்திய சுமையோடு திரும்பினாலோ வண்டி எளிதில் கவிழும். அதனால் முட்கரங்களைத் தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்குள் தாழ்த்தி வைத்தே ஓட்டவேண்டும். கவிழும் வண்டியிலிருந்து வெளியே குதிப்பவர்கள் பெரும்பாலும் அதன் மேற்கூரையின் கீழேயே அகப்படுகிறார்கள். சீட் பெல்ட் அணிந்து உள்ளேயே இறுகப் பிடித்துக்கொள்பவர் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

பராமரிப்புக்கும் அளவுகோல்கள் உண்டு. முட்கரத்தின் வளைவுப் பகுதி தேய்ந்து, அதன் கனத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே அதை மாற்றிவிட வேண்டும். தூக்கும் சங்கிலி நூற்றுக்கு மூன்று பங்கு நீண்டுவிட்டால் அதையும் மாற்றவேண்டும். பிரேக், ஹாரன், டயர், ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்பு சோதிக்கவேண்டும். பத்து நிமிட வேலை. பழுது இருந்தால் சாவியை எடுத்துவிட்டு, வண்டியை ஒதுக்கி நிறுத்தவேண்டும்.

பிரியமானவர்களே, யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய ஒரு பிரமாணம் உண்டு. ஒரு மாடு திடீரென்று ஒருவரை முட்டிக் கொன்றால், அதன் எஜமான்மேல் குற்றமில்லை. ஆனால் அது முன்பே முட்டுகிற மாடாயிருந்து, அது எஜமானுக்கு அறிவிக்கப்பட்டும் அவன் அதைக் கட்டிவைக்காதிருந்தால், இரத்தப்பழி அவனையும் சேரும். தேவனுடைய பார்வையில், அறியாமல் நேர்ந்ததும் அறிவிக்கப்பட்டபின் நேர்ந்ததும் ஒன்றல்ல. அந்தக் கிடங்கின் மாடு முட்டும் என்பது மூன்று முறை அறிவிக்கப்பட்டிருந்தது. நான்காம் முறை அது எனக்கு அறிவிக்கப்பட்டது.

நெகேமியா எருசலேமின் அலங்கத்தைக் கட்டுகையில் எதிரிகள் பயமுறுத்தினார்கள். அவன் ஜெபித்தான், அதோடு இரவும் பகலும் காவலும் வைத்தான். அவனுடைய ஜெபம் காவலுக்குப் பதிலாக நிற்கவில்லை. அன்று நான் அந்தச் சகோதரருக்குக் கொடுத்ததோ காவல் இல்லாத ஜெபம். அதை விசுவாசம் என்று எண்ணினேன். உண்மையில் அது ஒரு கடினமான உரையாடலைத் தவிர்க்க நான் தேடிய வழி.

தொழில் நடத்துகிற சகோதரரே, உங்கள் தொழிலாளி பழுதைச் சொல்லும்போது அவர் உங்களை எதிர்க்கவில்லை. உங்களை இரத்தப்பழிக்குத் தப்புவிக்கிறார். புது வண்டிக்குப் பிரதிஷ்டை ஜெபம் செய்ய என்னை அழைக்கிறீர்கள். மகிழ்ச்சியோடு வருவேன். ஆனால் இனி, தினசரிச் சோதனைப் பதிவேடு எங்கே என்றும் கேட்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டுகிற சகோதரரே, பழுதை வாயால் மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். சொல்ல அஞ்சினால் என்னிடம் வாருங்கள். உங்களோடு நானும் வருவேன்.

அந்த இளைஞன் இன்று ஊன்றுகோலோடு நடக்கிறான். சென்ற ஆண்டு அவனைச் சந்தித்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இனி யாராவது வந்து சொன்னால் போன் பண்ணுங்க ஐயா" என்றான். அவ்வளவுதான். அதையே இந்த வாரத்தின் தியானமாக உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

ஜெபம்: எங்களைக் காக்கிற தேவனே, எங்கள் காதில் விழுந்த எச்சரிப்புகளுக்கு எங்களைச் செவிடாக்காதேயும். ஜெபிக்கிற வாயோடு, செயல்படுகிற கைகளையும் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.