கோலாப்பூரில் ஒரு குட்டி போலந்து!

கோலாப்பூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? செருப்பு. நம்ம அம்மாக்களுக்கு மகாலட்சுமி கோயில். மெக்கானிக்கல் படிக்கிற எங்களுக்கு ஃபவுண்டரி. இன்பிளான்ட் டிரெயினிங்குக்காகப் பதினைந்து நாள் அங்கே போன எங்க செட்டில், அந்த ஊருக்கும் போலந்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.

ஊருக்குள் மகாவீர் கார்டன்னு ஒரு பூங்கா. லீவு நாளில் ரூம்மேட்டோடு சும்மா சுத்தப் போனேன். அங்கே ஒரு நினைவுச் சின்னம். அதன் முன்னால் பழைய கறுப்பு-வெள்ளை போட்டோவும் கையுமா ஒரு வெள்ளைக்காரப் பெண். எங்களைவிட நாலைந்து வயசு பெரியவங்க. "வளிவடே எப்படிப் போகணும்?" என்று எங்களிடமே கேட்டார். விசாரித்தால், வளிவடே பக்கத்தில்தான் காந்திநகர். மொத்த விலைத் துணி மார்க்கெட். அக்கா கல்யாணத்துக்குத் துணி எடுக்க ரூம்மேட் போக நினைத்த அதே இடம். மூணு பேரும் ஒரே ஆட்டோவில் ஏறிட்டோம்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். தாத்தா போலந்துக்காரர். அவங்க பாஷையில் தாத்தாவுக்கு 'ஜாடெக்'. அந்த ஜாடெக் பத்து வயசிலிருந்து பதினைந்து வயசு வரை வளர்ந்தது வளிவடேயில்!

எப்படி? 1939 செப்டம்பரில் மேற்கிலிருந்து ஹிட்லரும், கிழக்கிலிருந்து ஸ்டாலினும் போலந்துக்குள் புகுந்தார்கள். 1940 பிப்ரவரி 10 அன்று சோவியத் படை கிழக்குப் போலந்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டியது. மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் குடும்பம் குடும்பமாக அடைத்து, வடக்கே பனிக்காடுகளுக்கு அனுப்பியது. ஜாடெக்குக்கு அப்போ ஏழு வயசு. அப்பா மரம் வெட்ட, ரொட்டி அளந்து கிடைக்கும். 1941 ஜூனில் ஹிட்லர் ரஷ்யா மேலேயே பாய்ந்ததும் காட்சி மாறியது. போலந்துக் கைதிகளை விடுவித்து, ஜெனரல் ஆண்டர்ஸ் தலைமையில் படை திரட்ட ஸ்டாலின் சம்மதித்தார். குடும்பங்கள் அந்தப் படையைத் தேடித் தெற்கே ஓடின. உஸ்பெகிஸ்தானில் டைஃபஸ் காய்ச்சல். ஜாடெக்கின் நாலு வயசுத் தங்கச்சி அங்கேயே போய்விட்டாள். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

1942-ல் காஸ்பியன் கடலைக் கப்பலில் கடந்து ஈரான். அப்பா படையோடு போனார். அம்மாவும் பையனும் 1943-ல் வளிவடே வந்து சேர்ந்தார்கள்.

இதே சமயம் குஜராத்தில் ஜாம்நகர் மகாராஜா திக்விஜய்சிங், போலந்துக் குழந்தைகளுக்கு பாலாசடியில் இடம் கொடுத்தார். அந்தக் கதை ஓரளவு பிரபலம். வளிவடே முகாம் அதைவிடப் பெரிசு, சுமார் ஐயாயிரம் பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஸ்கூல், சர்ச், ஆஸ்பத்திரி, நாடக மேடை எல்லாம் உண்டு. 1946-ல் பாலாசடி மூடப்பட்டதும் அங்கிருந்தும் பிள்ளைகள் இங்கே வந்தார்கள்.

"ரஷ்யாவைப் பத்தி ஜாடெக் வாயே திறக்க மாட்டார். இந்தியான்னா நிறுத்த மாட்டார்" என்றார் அந்த அக்கா. (ஆமா, அதுக்குள்ள அக்கா ஆகிட்டாங்க. தமிழன்டா!) மாம்பழம், மழை, ஓட்டுக் கூரையில் குரங்கு ஓடுற சத்தம். ஆனால் சாகிறவரை தலையணைக்கு அடியில் ஒரு துண்டு ரொட்டி வைத்துத்தான் தூங்குவாராம்.

போர் முடிந்தும் ஊர் திரும்ப முடியவில்லை. அவங்க ஊரே சோவியத் பக்கம் போயிருந்தது. இன்றைக்கு அது உக்ரைன். இத்தாலியின் மான்ட்டே காசினோவில் சண்டை போட்டு உயிரோடு மிஞ்சிய அப்பா, இங்கிலாந்தில் தங்கிவிட்டார். 1948-ல் முகாம் மூடப்பட, பையனும் அம்மாவும் அங்கே போனார்கள். வேலை, பிராட்ஃபோர்டு கம்பளி மில்லில் நைட் ஷிஃப்ட். பின்னால் பாகிஸ்தானிலிருந்து தொழிலாளிகள் அதே மில்லுக்கு வந்தபோது ஜாடெக்குக்கு ஒரே குஷி. நூல்கண்டை 'ஏக், தோன், தீன்' என்று மராத்தியில் எண்ணிக் காட்டுவாராம். அவங்க பஞ்சாபி பேசுற ஆளுங்க. ஆனாலும் பாதி புரிந்து சிரித்திருக்கிறார்கள்.

காந்திநகரில் இறங்கினால் எங்கே பார்த்தாலும் துணி மூட்டை. பழைய பாரக்குகளைக் காணோம். அக்கா போட்டோவைக் கடை கடையாகக் காட்டினார். யாருக்கும் நேரமில்லை, சீசன் வியாபாரம். எங்க ஹிந்தியோ 'கித்னா' தாண்டாது. முக்கால் மணி நேரம் கழித்து, ஒரு பெட்ஷீட் கடையில் வயசான முதலாளி போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

அவர் சிந்திக்காரர். பிரிவினையில் சிந்துவை விட்டு ஓடிவந்தவர்களை, போலந்துக்காரர்கள் காலி செய்த இதே முகாமில்தான் குடியமர்த்தியிருக்கிறார்கள். இவர் பிறந்ததே ஒரு பாரக்கில். "நீளமா இருக்கும், மூங்கில் தட்டி அடைச்சு ரூம் பிரிச்சிருப்பாங்க" என்று கையாலேயே அளந்து காட்டினார். "எங்க அப்பா வந்தப்போ சுவத்துல பென்சில்ல ஏதோ கணக்கு எழுதியிருந்துச்சாம். சுண்ணாம்பு அடிக்க மனசு வரலைன்னு சொல்வார்."

பிள்ளைகளின் உயரமா, பள்ளிக்கூடக் கணக்கா? அக்கா கேட்டார். பெரியவருக்குத் தெரியவில்லை. அது இவங்க ஜாடெக் இருந்த ரூம்தானா என்றும் சொல்ல வழியில்லை. அக்கா ரொம்ப நேரம் பேசவே இல்லை. ரூம்மேட்தான் டீ வாங்கிட்டு வந்தான்.

2017-ல் போலந்துத் தலைநகர் வார்சாவில் கோலாப்பூர் பெயரில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். 2024-ல் நம்ம பிரதமர் அங்கே மலர் வளையம் வைத்தார். டி.வி.யில் பார்த்ததாகப் பெரியவர் சொன்னார். "ஆனா அங்கேருந்து ஒருத்தர் என் கடைக்கு வந்தது இதான் முதல் தடவை."

அக்கா ரெண்டு பெட்ஷீட் எடுத்தார். பெரியவர் காசு வாங்க மறுக்க, இவங்க திணிக்க, கடைசியில் ஒண்ணுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். அந்த போட்டோவுக்கு ஒரு காப்பி வேணும் என்றார். ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்தது. ரூம்மேட் மொபைலில் படம் எடுத்து, பெரியவரின் பேரன் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சுவரில் மாலை போட்ட அவர் அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஆணி ஒன்று காலியாக இருந்தது. பெரிசா பிரிண்ட் போட்டு அங்கேதான் மாட்டப்போறாராம்.