ஹிக்கா என்றொரு சொல்

நபிமொழித் தொகுப்புகளில் ஆடை பற்றிய பகுதியை ஓதிக்கொடுக்கும்போது ஒரு சிறு செய்தியைக் கடந்து செல்வோம். ஆடவர்க்குப் பட்டு விலக்கப்பட்டதாயிருந்தும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) ஆகிய தோழர் இருவருக்கும் பட்டுச் சட்டை அணிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இசைவளித்தார்கள். காரணம், அவ்விருவருக்கும் இருந்த ‘ஹிக்கா’, அதாவது அரிப்பு. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி உண்டு. ஓர் அறிவிப்பில் பேன் தொல்லை என்று வந்திருப்பதையும், பேனால் உண்டான அரிப்பு என உரையாசிரியர்கள் இரண்டையும் இணைத்திருப்பதையும், இச்சலுகை மற்றவர்க்கும் உண்டா எனச் சட்டவல்லார் வாதிட்டதையும் எடுத்துரைத்து, சொல்லின் வேரையும் விளக்கிவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம்.

முந்திரிக் காடுகள் சூழ்ந்த ஆண்டிமடத்தில் இப்போது நாம் அஸருக்குப் பின் சிறுவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். சென்ற ஆண்டு அவ்வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஓதும்போதெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தான். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று கை ஓயாது. “தம்பி, ஓதும்போது கை அடக்கமாயிருக்க வேண்டும்” என்று இரண்டு முறை சொன்னோம். மூன்றாம் நாள் அவன் கையில் சிவந்த பருக்களைக் கண்டதும் தாழ்வாரத்தில் தனியே உட்கார வைத்தோம். நோயுற்ற ஒட்டகத்தை நலமான ஒட்டகங்களோடு சேர்க்கலாகாது என்ற நபிமொழி அப்போது நம் நினைவுக்கு வந்தது. பட்டின் செய்தி வரவில்லை. மற்றப் பிள்ளைகள் அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் சூட்டிவிட்டார்கள். அதை இங்கே எழுத மனம் ஒப்பவில்லை. நான்காம் நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. நாமும் ஆளனுப்பிக் கேட்கவில்லை.

சில வாரங்கள் சென்றன. ஓரிரவு நம் விரலிடுக்கில் அரிப்புத் தொடங்கியது.

அரபியில் ‘ஹக்க’ என்றால் தேய்த்தான், சொறிந்தான் என்று பொருள். அதிலிருந்து பிறந்தது ஹிக்கா. ஆக, அம்மொழி உணர்ச்சிக்குப் பெயரிடும்போது கையைப் பார்த்தது. தமிழோ தோலைப் பார்த்தது. அரித்தல் என்பது கறையான் மரத்தைத் தின்னும் செயல். நமைச்சல், தினவு, ஊறல் என்று இன்னும் எத்தனை சொற்கள்! இத்தனை சொற்களைப் படைத்த சமுதாயம் இத்துன்பத்தை நன்றாகவே அறிந்திருக்க வேண்டும். ஆயினும் ‘நோய்’ என்று சொன்னால் முகம் வாடுகிறவர்கள், ‘அரிப்பு’ என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அல்லது ஓரடி தள்ளி நிற்கிறார்கள்.

பகலில் பொறுத்துக்கொள்ளலாம், இரவில் முடியாது. மூன்று இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தபின், தொழவைக்க நின்றபோது கை கட்டியிருந்த நிலையிலேயே ஒரு விரல் மற்றொன்றைத் தேடியது. பின்னால் நின்றவர்கள் கண்டிருப்பார்களோ என்று நாணி, அன்று முதல் நீண்ட கைச்சட்டை அணியத் தொடங்கினோம். யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக் கடையில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி ஒரு களிம்பு வாங்கிவந்து பூசினோம். நான்கு நாள் அமைதி. பிறகு முன்னிலும் கடுமையாகத் திரும்பி வந்தது.

இறுதியில் மருத்துவரிடம் சென்றோம். இளம் பெண்மணி. கையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி மருந்தைப் பற்றியது அன்று, “உங்க வீட்ல எத்தனை பேர், ஐயா?” என்பதே. நோய் சிரங்கு. அரபியில் ‘ஜரப்’. கண்ணுக்குப் புலப்படாத சிறு பூச்சி தோலைத் துளைத்துக் குடியிருந்து முட்டையிடுவதால் வருவது. நம் முன்னோர்க்கு இப்பூச்சி தெரியாததன்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டு மருத்துவர் அஹ்மத் அத்தபரீ தம் நூலில் இதைக் குறித்திருக்கிறார். 1162இல் மறைந்த அந்தலூஸ் நாட்டு இப்னு ஸுஹ்ரும் எழுதியிருக்கிறார். இத்தாலியரான பொனோமோ உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே கண்டு, இதுவே நோயின் காரணம் என்று 1687இல் எழுதினார். உலகில் எந்நேரமும் 20 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் இருப்பதாகக் கணக்கிடும் உலக சுகாதார நிறுவனம், 2017இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

மருத்துவர் சொன்னவற்றுள் ஒன்று நம்மைச் சுட்டது. முதன்முறை இப்பூச்சி தொற்றியவர்க்கு உடனே அரிப்பதில்லையாம். நான்கு முதல் ஆறு வாரம் ஆகுமாம். அப்படியாயின் அச்சிறுவன் சொறியத் தொடங்கியபோது நோய் அவனிடம் வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அத்தனை நாளும் எல்லோரும் ஒரே பாயில் நெருங்கியமர்ந்துதான் ஓதினார்கள். அவனைத் தாழ்வாரத்துக்கு அனுப்பியதால் தடுக்கப்பட்டது மிகக் குறைவு. அவனுக்கு வகுப்பிலிருந்து வந்ததா, வகுப்புக்கு அவனிடமிருந்து வந்ததா என்பதை யார் சொல்ல வல்லார்? சொறி பிடித்த ஒட்டகம் மற்றவற்றையும் கெடுத்துவிடுகிறதே என்று முறையிட்டவரிடம், முதல் ஒட்டகத்துக்கு எங்கிருந்து வந்தது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவிய செய்தியும் நாம் ஓதிக்கொடுத்ததே.

நாம் பூசிய களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாம். அது சிவப்பையும் அரிப்பையும் சில நாள் மறைக்கும், பூச்சியைக் கொல்லாது. படர்தாமரையின் மேல் பூசினாலும் இதே கதைதான்: அரிப்பு அடங்கும், படை பரவும். இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என நடுவண் அரசு 2018இல் விதித்தது. நம்மைப் போல் வெட்கப்பட்டு ஒளிக்கிறவர்கள் இருக்கும்வரை அவ்விதி என்ன செய்யும்!

இவ்வெட்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். ஐரோப்பாவில் 13 நாடுகளின் தோல் மருத்துவ மனைகளுக்கு வந்த 3,500க்கும் மேற்பட்டோரைக் கேட்டறிந்த ஆய்வொன்று 2019இல் வெளியாயிற்று. தோல் நோயாளருள் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் தமக்கு அரிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். நோயற்றவர்களுள் அப்படிச் சொன்னவர் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. கரப்பானில் அரிப்பு இல்லாதிருப்பது அரிது. ‘சோரியாசிஸ்’ எனப்படும் காளாஞ்சகப்படை அரிக்காது என்று நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. ‘சோரா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கே அரிப்பு என்று பொருளிருக்க, அச்சொல்லை மறந்தார்கள். நோயாளிகளைக் கேட்டபோது பெரும்பாலோர் அரிக்கிறது என்றார்கள். அரிப்பு வலியின் தம்பி என்று எண்ணியதும் தவறாயிற்று. வலியைத் தணிக்கும் மார்பின் சிலருக்கு அரிப்பை மூட்டுகிறது. அரிப்புக்கெனவே தனி நரம்பிழைகள் உண்டென்பதை 1997இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தொழுநோயின் வெளிர்ந்த படை பெரும்பாலும் அரிக்காது. தொட்டால் உணர்ச்சியும் இராது. தொந்தரவு இல்லையே என்று அதை விட்டுவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைக் குணப்படுத்தும் கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அரிக்கும் தோலாவது உரியவனைத் தட்டி எழுப்புகிறது.

மருந்துச் சீட்டுடன் அச்சிறுவன் வீட்டுக்குச் சென்றோம். கதவுக்குப் பின்னிருந்து அவன் தாய் பேசினார். “ராத்திரியெல்லாம் தூங்குறதில்லை ஹஜ்ரத். வெளியில சொன்னா புள்ளையைச் சேக்க மாட்டாங்கன்னு சும்மா இருந்துட்டேன்” என்றார். சேர்க்காதவர்கள் நாமே என்பதை அவர் சொல்லவில்லை. குவளையில் நீர் நீட்டிய அவர் கைவிரல்கள் கறுத்து, தோலுரிந்து கிடந்தன. அது வேறு அரிப்பு. இப்பக்கத்துப் பெண்கள் பலரைப் போல அவரும் முந்திரிக்கொட்டை உடைப்பவர். கொட்டைத் தோட்டிலுள்ள எண்ணெய் தோலை எரித்துக் கொப்புளமாக்கும். சாம்பலும் விளக்கெண்ணெயும் தடவிக்கொண்டு உடைத்தாலும் முழுதும் தப்ப முடிவதில்லை. அப்பருப்பு நம் வீட்டுப் பாயசத்திலும் பிரியாணியிலும் மிதக்கிறது.

அவ்வீட்டில் ஆறு பேர். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் கால்வரை அறுவரும் ஒரே இரவில் பூசிக்கொண்டு காலையில் குளிக்க வேண்டும், அரிப்பு இல்லாதவர் உட்பட. ஒரு வாரம் கழித்து மறுமுறை. துணியும் விரிப்பும் வெந்நீரில். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும், அதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று எண்ணலாகாது. இவற்றையெல்லாம் நாம் சொல்ல, சிறுவன் எழுதிக்கொண்டான். அந்த வாரமே வகுப்பிலிருந்த எல்லாக் குடும்பத்தாரிடமும் சொன்னோம். முதலில் நம் கையைக் காட்டி, பிறகு செய்தியைச் சொன்னோம். இரண்டு வீடுகளில் கோபித்துக்கொண்டார்கள். ஏழு வீடுகளில், தங்களுக்கும் உண்டு என்றார்கள்.

பட்டுக்குத் திரும்புவோம். இங்கிலாந்தில் கரப்பான் கண்ட 300 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான மருத்துவத்தோடு பட்டு உள்ளாடையும் தந்து பார்த்ததில் கூடுதல் பயன் இல்லையென 2017இல் அறிவித்தார்கள். இதை ஓர் இளைஞர் நம்மிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். தயங்க வேண்டியதில்லை. பட்டு மருந்தா இல்லையா என்பதன்று அச்செய்தியில் இப்போது நம் கண்ணில் படுவது. இருவர் வந்து, அரிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. கேட்டவர் சிரிக்கவில்லை, விலகவில்லை, ஒரு விலக்கையே தளர்த்தினார்.

இவ்வாண்டு அப்பாடம் மீண்டும் வந்தபோது சொல்லின் வேரை விளக்க நேரம் போதவில்லை. வகுப்பிலிருந்த ஒருவர் தம் தந்தைக்குப் பல ஆண்டுகளாகக் காலில் இருக்கும் படையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். மற்றவர்களும் கேட்டார்கள். மஃரிப் பாங்கு சொல்லும்வரை அதே பேச்சாக இருந்தது.